நாக்குக்கு அடியில்

காலையில் நான்தான் முதலில் எழுவேன். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைப்பேன். அடுப்பைப் பற்ற வைப்பேன். அவள் பல் விளக்கிவிட்டு வந்து சமையலறை முக்காலியில் உட்காருவாள். நான் அலமாரியைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் போடுவேன். அவள் வாயைக் கொப்பளித்து, நாக்கைத் தூக்கி, அடியில் வைத்துக்கொள்வாள். அது கரையும் வரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். கரைந்ததும் வாயைத் திறந்து காட்டுவாள். நான் பார்ப்பேன். அலமாரியைப் பூட்டுவேன். டீ குடிப்போம்.

என் மனைவி உயிரோடு இருந்த கடைசி வருஷத்தில் பெரும்பாலான காலைகள் இப்படித்தான் போயின.

காத்திருக்கும் நேரத்தில் நான் பேப்பரில் வரி விளம்பரங்களை வாசிப்பேன். “பீரோ விற்பனைக்கு. சாவி தொலைந்துவிட்டது. உள்ளே இருப்பவையும் சேர்த்து.” அவள் மூக்கால் சிரிப்பாள். சிரிக்க வைக்காதீங்க என்பதுபோல என் முழங்காலில் அடிப்பாள். நானாக விளம்பரம் ஜோடித்தால் கண்டுபிடித்துவிடுவாள். தன் காதைப் பிடித்து இழுப்பாள். பொய் என்று அர்த்தம்.

கரைந்ததும் முதல் பேச்சு பெரும்பாலும் கிண்டலாக இருக்கும்.

“உங்களுக்கென்ன, எதிர்த்துப் பேசாத பொண்டாட்டி. எவனுக்குக் கிடைக்கும்?”

“கொஞ்ச நேரம்தானே கிடைக்குது.”

“பேராசை.”

அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிச் சூடான உருளைக்குள் செலுத்தும் வேலை. முதுகில் தட்டு விலகியது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒன்று, கைநிறைய ஆனது. மருந்துக் கடை மாற்றிக் கடை போய் வாங்கினாள். நான் பௌதிகம் படித்தவன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். அடுத்தவர் பார்வையில் இருக்கும் கோளாறு எனக்குத் தெரியும். இது தெரிய வெகு காலம் ஆயிற்று.

ஓர் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அவளோடு அங்கே தங்கியது அவள் அம்மா. மகள் வாந்தி எடுத்ததையும், கால்களை உதறியதையும், அம்மாவையே கெட்ட வார்த்தையில் திட்டியதையும் அத்தைதான் பார்த்தாள். நான் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்த வித்தியாசத்தை யாரும் மறந்துவிடக் கூடாது.

வெளியே அனுப்பும்போதுதான் டாக்டர் அந்த நாக்கடி மாத்திரையைக் கொடுத்தார். எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“இது இருக்கிற வரைக்கும் பழைய ஏக்கம் வராது. நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்திட்டு, என்னைக்காவது மனசு தடுமாறிப் பழைய அளவை எடுத்தா உடம்பு தாங்காது. உடம்பு அதை மறந்திருக்கும். மூச்சு நின்னுடும்.”

அத்தை கேட்டாள். “இதுவும் அந்த வகைதானா டாக்டர்?”

“ஒரே குடும்பம்தாம்மா. ஆனா இது அடங்கினது.”

அத்தைக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்துக்குப் போவோம். மையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மீண்டவர்களே நடத்துவது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகள், முழங்கால் இடிக்கும். நடத்துபவர் பழைய லாரி டிரைவர். குரலுக்காக எல்லோரும் ஹாரன் என்றே கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். குடியிலிருந்து எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தவர். கூட்டத்தின் முடிவில் அவர் சொல்வார்:

“சுத்தமா இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க!”

நிற்பார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். நின்றவர்களின் வீட்டார் அழுவார்கள்.

முதல் வாரம் என் மனைவியும் எழுந்தாள். ஹாரன் அன்பாகத்தான் கேட்டார்.

“மாத்திரை ஏதாவது ஓடுதாம்மா?”

“நாக்குக்கு அடியில ஒண்ணு.”

“அப்போ இப்போதைக்கு உட்காருங்க. அவசரமில்லை. நாங்க எங்க போயிடப் போறோம்?”

அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்தே கைதட்டினாள். பக்கத்தில் அத்தை தன் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அத்தை சமையலறையில் வெடித்தாள்.

“பேயை விரட்டிட்டு அதோட தம்பியைக் கூட்டியாந்து நடுவீட்டுல உட்கார வெச்சிருக்கீங்க. தினம் காலையில அதுக்குப் பூட்டு, சாவி, மரியாதை!”

“டாக்டர் சொன்னது அத்தை.”

“டாக்டருக்கு வாரா வாரம் ஆள் வரணும் மாப்பிள்ளை. நமக்கு நம்ம புள்ள திரும்பி வரணும்.”

என் மனைவி முக்காலியில் இருந்தாள். வாயில் மாத்திரை. அவளால் பேச முடியாது. அம்மாவைப் பார்த்துத் தன் காதைப் பிடித்து இழுத்தாள். அத்தைக்கு அது புரியவில்லை.

“என்னடி, காது வலிக்குதா?”

நாங்கள் இருவரும் மூக்கால் சிரித்தோம். ஆனால் அன்று கரைந்து முடித்ததும் அவள் கிண்டல் எதுவும் பேசவில்லை.

“நிறுத்திடலாம்னு பாக்குறேன்,” என்றாள்.

“டாக்டர் வேணாம்னு சொன்னாரே.”

“டாக்டர் எழுந்து நிக்க வேண்டியதில்லைங்க. உட்கார்ந்திருக்கிறது நான்.”

டாக்டரிடம் கேட்டோம். இன்னும் ஒரு வருஷமாவது போகட்டும் என்றார். வெளியே வந்ததும், “அவர் அப்படித்தான் சொல்வார்” என்றாள். பாதி மாத்திரை, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை. நானும் அத்தையும் முறை வைத்து அவளோடு உட்கார்ந்தோம். கொட்டாவி விட்டாள், மூக்கு ஒழுகியது, போர்வையை உதைத்தாள். அத்தை அவள் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தாள். பிறகு அதுவும் அடங்கியது.

அந்த ஞாயிறு அவள் எழுந்து நின்றாள். ஹாரன் மேஜையைத் தட்டினார். “இதுதான்! இதுதான் வேணும்!” அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் கைதட்டினேன். கை வலிக்கும் அளவுக்கு. என் மனைவியின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

அத்தை ஊருக்குத் திரும்பினாள். என் மனைவி சலவைக் கூடத்துக்குத் திரும்பினாள். காலைகளில் அவள் பேசினாள். நான் பேப்பரை எனக்குள் வாசிக்கப் பழகினேன்.

முதுகு வலிப்பதாக ஒருமுறை சொன்னாள். வெந்நீர் பை வைத்தேன். மறுபடி கேட்டபோது, “பரவாயில்லை” என்றாள்.

ஒருநாள் என் கடைக்கு போன் வந்தது. சலவைக் கூடத்து மேற்பார்வையாளர்.

“இன்னைக்கு வரலையே அவங்க. உடம்புக்கு முடியலையா?”

கையில் இருந்த லென்ஸைத் தேய்த்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை. பிறகு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். உதடு நீலமாக இருந்தது. நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் கீழே இறங்கி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“பழைய வலி மாத்திரைதான். அதிகமா எடுக்கலை. முன்னாடி வழக்கமா எடுத்த அளவுதான்,” என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அத்தை வந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை. அந்தத் தம்பிப் பேயை வீட்டுலயே வெச்சிருந்தா, இவ இருந்திருப்பாளா?”

எனக்குப் பதில் தெரியும்.

“தெரியலை அத்தை.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரியும். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

இப்போது அத்தை வருகிறவர்களிடம் ஒன்று சொல்கிறாள். அன்று காலை மகள் போன் செய்தாளாம். “அம்மா, நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்” என்றாளாம். போன் எதுவும் வரவில்லை. ஹாரன் துக்கம் கேட்க வந்தார். அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. கூட்டத்தில் இவளுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்களாம். “கடைசி வரைக்கும் போராடுவேன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க?” என்று என்னைக் கேட்டார். அவருக்கு அது தேவையாக இருந்தது. நான் தலையாட்டினேன்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்று காலை நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கூந்தலை முடிந்தாள். பிறகு சீப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

“வரும்போது ஹாலுக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க. மஞ்சள். வெள்ளை வேணாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”