தண்ணீர் ஊற்றிய வெல்டு

கிருஷ்ணவேணி ஷெட்டுக்குள் நுழைந்தபோது தென்னரசு ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு, துடைத்த நட்டையே துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் செருப்பு கண்ணில் பட்டதும் வெளியே வர மனசில்லை. வராமல் எங்கே போவது? வந்தான். விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் வயர் கூடை, அதில் காலி டிபன் பாக்ஸ். தூங்கிப் பல நாளான முகம்.

திண்டிவனம் பைபாஸ் ஓரத்து அந்த ஷெட்டை அவனும் அக்காவின் வீட்டுக்காரர் துரைக்கண்ணுவும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அப்பன் பாட்டன் காலத்து டிராக்டர்கள்தான் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டன. அந்த வண்டிகளுக்கு ஏற்ற ஸ்பானர் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. சில நட்டுகள் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சாதாரண ஸ்பானரைக் கிட்டவே சேர்க்காது. பழைய ரிங் ஸ்பானரின் தலையை அறுத்து, நெருப்பில் காய்ச்சி வளைத்து, பின்னால் நீளமாக ஒரு பைப்பை வெல்டு வைத்து இவர்களே செய்துகொள்வார்கள். ஒரு வண்டிக்குச் செய்தது இன்னொன்றுக்கு ஆகாது. சுவர் முழுக்கக் கோணல்மாணலாகத் தொங்கும். புதிதாக வருகிறவன் பேய் ஓட்டுகிற இடமோ என்று பார்ப்பான்.

துரைக்கண்ணு அடிபட்ட அன்றைக்கு வந்தது கோலியனூர் பூவரசன் வண்டி. நல்ல மழை பெய்திருக்கிறது, ஈரம் காய்வதற்குள் உழுது மல்லாட்டை விதை போட்டாகணும் என்று அந்த ஆள் தலைமேல் நின்று ஜல்தி ஜல்தி என்று பிராணனை வாங்கினார். பின்சக்கர நட்டோ அசைவேனா என்றது. தென்னரசு அதற்கென்று ஒரு ஸ்பானர் செய்தான். வெல்டு வைத்த இரும்பு தானாக ஆற வேண்டும். சிவந்திருக்கும்போது தண்ணீர் பட்டால் பாரம் ஏறும்போது கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். அவனுக்கா தெரியாது? அந்த அவசரத்தில் தெரிந்தேதான் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியதைத் துரைக்கண்ணுவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பானரை நட்டில் மாட்டி, பைப் முனையில் ஏறி நின்று, உடம்பு கனத்தையெல்லாம் போட்டு உந்தினார். வெல்டு பட்டென்று விட்டது. கீழே கழற்றிப் போட்டிருந்த வேறொரு வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் முதுகு அடிக்க மல்லாந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அன்றோடு போயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்றார்கள். கேட்டவர்களிடமெல்லாம் துரைக்கண்ணு, கால் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னார். தென்னரசு வாயைத் திறக்கவே இல்லை. மாமா காட்டிக்கொடுக்கவில்லை என்று முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் போகவும் இல்லை. வேலை அதிகம் என்று போனில் அக்காவிடம் புளுகிக்கொண்டிருந்தான்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இனி எழுந்து நடப்பது கிடையாது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அசையாமல் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடுமாம். கட்டிலுக்கு மேலே ஒரு கம்பி இருந்தால் அதைப் பிடித்துத் தானே புரண்டுகொள்ளலாமாம். கடையில் நல்லதாக விற்கிறது, நானே வாங்கித் தருகிறேன் என்று தென்னரசு முந்திக்கொண்டான்.

"கடையில வேணான்னுட்டாரு உங்க மாமா. உன் கையாலதான் பண்ணணுமாம்."

அவன் குனிந்து ஒரு பைப்பை எடுத்தான்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு. வெல்டு வச்சிட்டு ஜல்தி பண்ணிக்கினு இருக்காத, தானா ஆறட்டும்னாரு. இன்னாடா அது?"

"ஒண்ணுமில்லக்கா," என்றான்.

பைப்பை அறுத்தான். வெல்டு வைத்தான். தண்ணீர் வாளியை ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இரும்பு சிவப்பு மாறிக் கறுத்தது. தொட்டுப் பார்த்தான், சுட்டது. வெயில் சாய்ந்தது. மறுபடி தொட்டான். அக்கா கூடையை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.

ஆறிய பிறகு கம்பியை மேல் உத்திரத்தில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினான். வெல்டு அசையவில்லை. சத்தம் கேட்டு விழித்த அக்கா, போதும் எறங்குடா என்றாள். அவன் இறங்கவில்லை. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.