ஆறு ஆங்கில எழுத்துகள்

1

இந்தக் கதை குற்றவுணர்ச்சியில் பிறந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

‘1999-இல் பாறசாலையில் மழை…’ (வேண்டாம். மழையை வைத்து எத்தனை கதையைத்தான் தொடங்குவது?)

அந்த வருடம், கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லைப் பக்கமுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள் நாற்பது பேர் இணையத்தில் ஓர் அரட்டைப் பலகை வைத்திருந்தோம். இடம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது, விதிகள் எங்களுடையவை. ஒருவரை நீக்கலாமா என்று நாங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும், நீக்குவது கம்பெனி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட பலகை நடத்துநர் நான். எனக்கு எதிராக ஓட்டுப் போட்டதை எங்களில் ஒருவனான ரெஜி பலகையிலேயே எழுதினான். எனக்குக் கடுப்புதான்.

தமிழானாலும் மலையாளமானாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். என்ன சந்தோஷமான காலம் அது! “பெருங்கடவிளையில் அயினிச்சக்கை* பழுத்தாச்சா?” என்று ஷார்ஜாவிலிருந்து ரெஜி கேட்பான். நாலு பேர் நாலு பதில் சொல்வோம். அங்கே அவனுக்கு ஊர் என்று இருந்தது அந்தப் பலகை மட்டும்தான்.

* பலாவுக்குத் தம்பி மாதிரி ஒரு பழம்.

2

உதியன்குளங்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பொன்னுதாஸ் அண்ணனுக்கும் ரெஜிக்கும் ஒருநாள் பலகையில் வாக்குவாதம். கடைசியில் ரெஜி ‘போதும்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தான்: chetta.

சேட்டா என்று படித்தால் அண்ணன். செற்றை என்று படித்தால், மலையாளத்தில், ஈனப்பயல்.

“எலே, அவன் என்னைச் செற்றைன்னு விளிச்சிருக்கான். நாப்பது பேரு வாசிக்குத எடமாக்கும்” என்றார் பொன்னுதாஸ்.

“சேட்டான்னுதான் எழுதியிருப்பான், அண்ணா.”

“நீ அவனுக்க ஆளா?”

(பேச்சில் ரெஜி யாரையும் சேட்டா என்று விளித்து நான் கேட்டதில்லை. எங்களுக்கு எல்லாரும் அண்ணன்தான். இதை இப்போது எதற்கு எழுதுகிறேன்? என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா?)

புகார் போனது. கம்பெனி என்னிடம் கேட்டது: ‘உங்கள் மொழியில் இது வசவா? ஆம், இல்லை என்று மட்டும் பதில் தரவும். உறுப்பினர்களின் முடிவே எங்கள் முடிவு.’

நாற்பது பேரிடமும் கேட்டிருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். கேட்கவில்லை.

3

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: ‘இல்லை’ என்று அனுப்பினேன். ரெஜி இன்றும்… (பொய்.)

இரண்டாம் முடிவு: பதில் தட்டும்போது கரண்ட் போய்… (அன்றைக்குக் கரண்ட் நன்றாகத்தான் இருந்தது.)

‘ஆம்’ என்று அனுப்பினேன். மறுநாள் பலகையில் ரெஜி இல்லை. அடுத்த வருடம் அயினிச்சக்கை பழுத்ததை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். இரண்டே சொற்கள். முதல் சொல் நன்றி. இரண்டாவது, அதே ஆறு எழுத்துகள்.

இத்தனை வருடமாக இந்தக் கதை முடியாமல் கிடப்பது அதனால்தான். தமிழில் எழுதினால் இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும். என்னால் முடியவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

‘நன்றி, …………’