அப்பாவின் வயிறு

“குடும்ப பைபிளை எதுக்குக்கா இங்க தூக்கிட்டு வந்த...”

“டாக்டர் கேட்டார்டா, நம்ம வீட்ல யார் யாரு எதனால...”

“எல்லாம் இருதயந்தான்னு தெரியுமே! தாத்தா, பெரியப்பா, அப்பா...”

“கத்தாத கிருபா, பிரஷர் ஏறும்!”

“மூணு செம்புத் தண்ணி குடிக்க வச்சு அடக்கிட்டு உட்காருன்னா, வேற என்ன ஏறும்?”

தாம்பரம் ஸ்கேன் சென்டர் பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அது எண்பத்தொன்பதாம் வருடம். கிருபாவுக்கு முப்பத்தொன்று. ஆண்கள் நாற்பத்தைந்தைத் தாண்டாத வீடு என்பதால் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தான். போன வாரம் தலைவலி என்று போனவனுக்கு ரத்த அழுத்தம் நூற்றெண்பது. இதயச் சுவரும் தடித்திருந்தது. சம்பந்தம் என்ற டாக்டரோ வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். அக்கா பியூலாவும் பம்மல் அத்தை தபீதாளும் காவலுக்கு வந்திருந்தார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் மூவரையும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர்.

“ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டி, திராட்சைக் குலை மாதிரி. உங்க அப்பாவுக்கு வயிறு பெரிசா இருந்துச்சா?”

பியூலா, குடும்பத்தில் இறந்தவர்களைக் குறித்துவைக்கும் பைபிள் பக்கத்தை விரித்தாள். “இருதய நோய்னுதான் எழுதியிருக்கு, டாக்டர்.”

“வீங்கித்தான் இருந்துச்சு,” என்றாள் அத்தை, தரையைப் பார்த்தபடி. “அண்ணன் சபை மூப்பர். சாராயம் குடிச்சு வந்த வயிறுன்னு ஊர் பேசும்ல? அதான் இருதயம்னு மட்டும் எழுதினோம். மூணு பேருக்கும்.”

டாக்டர் மேசையைத் தட்டினார். “பாதிக் கதையைத்தாம்மா எழுதியிருக்கீங்க! கிட்னி கெட்டு அழுத்தம் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் தடிக்கும். கட்டியை நம்மால கரைக்க முடியாது. ஆனா அழுத்தத்தை மாத்திரையால பிடிச்சு வச்சா இதயத்தைக் காப்பாத்தலாம். உங்க அப்பாவுக்கு யாரும் பிடிச்சு வைக்கல.”

“அப்ப நாற்பத்தஞ்சு?” கிருபா கேட்டான்.

“யாருப்பா போட்டது அந்தக் கணக்கு?”

“ஸ்தோத்திரம்!” அத்தை எழுந்தேவிட்டாள். “ஊரப்பாக்கத்துல ஒரு டீச்சர் பொண்ணு, நாளைக்கே...”

“அத்தை, முதல்ல மாத்திரை வாங்குவோம்!”

“அதுவும் வாங்கு, பட்டுச்சேலையும் வாங்கு! டாக்டர், கல்யாணம் பண்ணலாம்ல?”

“தாராளமா. பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லிட்டுப் பண்ணுங்க. இது பரம்பரை நோய், பொறக்குற பிள்ளைக்கு வரதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆணோ பொண்ணோ, யாருக்கும் வரலாம்.”

பியூலா அதற்குள் பேனாவைத் திறந்து, அப்பா பெயருக்குப் பக்கத்தில் ‘சிறுநீரகம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அத்தை பெண்வீட்டு விலாசத்தை டாக்டருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருபா மட்டும் அக்காவின் கையைப் பார்த்தபடி நின்றான்.

“அக்கா, நீ பிரஷர் பார்த்து எத்தனை வருஷமாச்சு?”