இரண்டு இடது, இரண்டு வலது

அணைக்கட்டுப் பக்கம் திறந்த புது யூனிட்டுக்கு எங்கள் தையல் லைனிலிருந்து ஒருத்தர் போக வேண்டும். நான், இல்லாவிட்டால் தேவகி அக்கா. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். எனக்குப் படுத்த படுக்கையாக அம்மா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, அவளுக்கு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்புவேன். அணைக்கட்டிலிருந்து அது முடியாது.

சூப்பர்வைசர் நவநீதன் ஒரு பையில் நான்கு ஷூ அப்பர்களை, அதாவது இன்னும் அடி ஒட்டாத மேல்தோல்களை, போட்டார். இரண்டு இடது கால், இரண்டு வலது கால்.

"பாக்காம ரெண்டு எடுப்பேன். ஜோடி சேர்ந்தா தேவகி இங்கியே இருக்கட்டும். சேரலன்னா சௌம்யா, நீ இரு. சரியா?"

"சரியில்ல சார்."

"இன்னா சரியில்ல? சேரும், இல்ல சேராது. ரெண்டே தான். பாதிக்குப் பாதி."

பையிலிருந்து ஒரு இடதை உருவி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "மொதல்ல இது வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. உள்ள மிச்சம் மூணு. அதுல ஒண்ணுதான் இடது, ரெண்டு வலது. மூணுல ரெண்டு பங்கு அக்காவுக்கு, ஒரு பங்கு எனக்கு. மொதல்ல வலது வந்தாலும் இதே கதைதான்."

"டீச்சரம்மா, போர்டு கொண்டாரட்டுமா?" என்றாள் பின்வரிசையிலிருந்து மஹ்பூபி. சிரித்தார்கள்.

"பேஜார் பண்ணாதம்மா. பாதிக்குப் பாதிதான்," என்றார் நவநீதன்.

"அப்ப மாத்திக் குடுங்க. ஜோடி எனக்கு." அப்பரைப் பைக்குள் எறிந்தேன்.

"எனக்கு இன்னா வந்துது? தேவகி, மாத்திக்கிறியா?"

அக்கா கையிலிருந்த நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தாள். என் அம்மாவைத் தானும் அம்மா என்றே கூப்பிடுகிறவள். பாதிக்குப் பாதி என்று நம்பியிருந்தால், மாற்றிக்கொள்வதில் அவளுக்கு என்ன நஷ்டம்? கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. நவநீதன் மேல் இருந்த கோபமெல்லாம் அவள் பக்கம் திரும்பியது.

"இருக்கிறபடியே இருக்கட்டும் சார்," என்றாள் கடைசியில், என்னைப் பார்க்காமல்.

நவநீதன் பைக்குள் கையை விட்டார். இடது. மறுபடி விட்டார். அதுவும் இடது.

"பாத்தியா? நீதான் ஜெயிச்சே! இன்னாமோ கம்மி கம்மின்னியே!"

லைன் முழுக்கச் சிரிப்பு.

"வந்துட்டா சரின்னு ஆயிடுமா?" என்றேன். யாரும் கேட்கவில்லை. நான் சொன்னது பொய் என்று அவர்களுக்கு நிரூபணமாகிவிட்டது. அடுத்த முறையும் இந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அக்கா தன் கத்தரிக்கோலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். "சந்தோஷமாடி?" என்றாள்.

"மாத்திக் குடுத்திருந்தா நீதான் இங்க இருந்திருப்பே."

சாப்பாட்டு மணி அடித்தது. வீட்டுக்கு நடந்தேன். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டேதான் இருந்தேன்.