சீனி ஆடவில்லை

“அக்கா, நீங்க இன்னும் அவகிட்ட கேக்கவே இல்லையே.”

“கேட்டுட்டுதானே நிக்கிறேன்.”

“எங்க கேட்டீங்க? கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சியப் பாவமா வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஒரு அடி பின்னாடி போன்னு நீங்க மனசுக்குள்ள நெனச்சா அவளுக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வாரமா கூடவே இருக்கேன். புரிஞ்சுக்க மாட்டாளா?”

“சொல்லாமலே புரிஞ்சுக்கறதுக்கு அவ என்ன உங்க வீட்டுக்காரரா?” என்றாள் கிறிஸ்டி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவரும் புரிஞ்சுக்க மாட்டாரா? சரி விடுங்க, முதல்ல குதிரைகிட்ட ஆரம்பிப்போம்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, இட்லி மாவு ஒட்டிய கையோடு போனைத் திறந்தபோது எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

குடும்ப குரூப்பில் என் கணவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். நாற்பது விநாடி. முடிச்சூரில் இருக்கிற எங்கள் குடோனின் முற்றம். நடுவில் எங்கள் குதிரை சீனி. வாயில் அந்தப் பழைய முள் கடிவாளம். இரண்டு பேர் பக்கத்தில் நின்று மேளம் அடிக்க, அவள் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்குகிறாள். பின்னாலிருந்து அவர் குரல்: “சூப்பர், சூப்பர், இன்னும் கொஞ்சம் வேகமா.” கீழே எழுதியிருந்தார்: ‘சனிக்கிழமை சக்தியின் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வீட்டுக் குதிரையே ரெடி. ட்ரெயினிங் உபயம்: நாயகி.’

அதற்கு என் நாத்தனார் கனகவல்லி அண்ணி பன்னிரண்டு இதயம் போட்டிருந்தார். யாரோ ‘அத்தை கலக்கிட்டீங்க’ என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குரூப் அது. ஒருத்தருக்காவது அந்த வாயோரம் சிவப்பாக இருந்தது கண்ணில் படவில்லை. நாயகியிடம் கேட்டீர்களா என்று ஒருத்தராவது அவரிடம் கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. என் பெயரையே போட்டு அதைச் செய்திருந்தார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் கதிரேசன். மேற்கு தாம்பரத்தில் பந்தல், நாற்காலி, மேடை அலங்காரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற தொழில். போன வருடம் வரை ஊர்வலக் குதிரை கேட்பவர்களுக்கு வெளி ஆள் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவைப்பார். அனகாபுத்தூரில் ஒரு கல்யாணத்தில் யாரோ பத்தாயிரம் வாலாவைக் குதிரையின் காலடியிலேயே கொளுத்திவிட்டார்கள். மிரண்டு ஓடிய குதிரை, குறுகலான தெருவில் நின்ற ஆட்டோ மேல் விழுந்து முழங்கால் கிழிந்துபோனது. அந்த ஆள் அதைக் கொண்டுவந்து எங்கள் குடோனில் கட்டி, இரண்டு நாளில் வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. போன் எடுக்கவில்லை. “நாயகி பாத்துப்பா” என்றார் இவர்.

‘நாயகி பாத்துப்பா.’ என் கல்யாண வாழ்க்கையை இந்த இரண்டு வார்த்தையில் எழுதிவிடலாம். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சராக எனக்கு வேலை கிடைத்த அதே மாதம் கனகவல்லி அண்ணிக்குப் பேறுகால விடுப்பு முடிந்தது. குழந்தையை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. அப்போதும் இவர் அதைத்தான் சொன்னார், சாம்பார் ஊற்றிக்கொண்டே. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்தக் குழந்தைதான் சக்தி. அவனை நான் ஆசையாகத்தான் வளர்த்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆசை வேறு, கேட்காமல் தலையில் கட்டுவது வேறு.

சீனி வந்த புதிதில் யார் கையை உயர்த்தினாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவாள். அவளுக்குக் கட்டுப்போட வந்த கால்நடை மருத்துவர்தான் கிறிஸ்டியின் நம்பரைக் கொடுத்தார். இருபத்தெட்டு வயதுப் பெண். பெரும்பாக்கம் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை பார்த்து, அங்கே அடித்துப் பழக்குவது பிடிக்காமல் வெளியே வந்தவள். ஏறி ஓட்டக் கற்றுக்கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் சேணத்தைக் கொண்டுவரவே இல்லை. ஒரு பருத்தித் தலைக்கயிறும் பன்னிரண்டு அடி நீளக் கயிறும்தான் கொண்டுவந்தாள். ஏறுவதெல்லாம் பிறகு, முதலில் தரையில் நின்று இரண்டு பேரும் பேசிப் பழகுங்கள் என்றாள்.

பேச்சு என்றால் இவ்வளவுதான். நிமிர்ந்து நின்று, என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கயிற்றில் இரண்டு விரல் அழுத்தம். அவள் காலை நகர்த்த நினைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். நாக்கால் உதட்டைத் தடவி, வெறும் வாயை மென்றால் யோசிக்கிறாள், புரிந்துகொண்டாள் என்று அர்த்தம். அது வரைக்கும் அடுத்ததைக் கேட்கக் கூடாது.

தலையைத் தாழ்த்தச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கயிறு தொங்கத் தொங்க என்னோடு நடக்க இன்னும் இரண்டு மாதம். குளம்பைக் கையில் கொடுத்த அன்றைக்கு நான் அழுதேன், கிறிஸ்டி பார்க்காத மாதிரி கொள்ளு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேளம்தான் கடைசிப் பாடம். முற்றத்தின் அந்தக் கோடியில் போனை வைத்து மேளச் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டால் போதும், சீனி முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்க ஆரம்பித்துவிடுவாள். எவ்வளவு அழகாக ஆடுகிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கிறிஸ்டி என்னை முறைத்தாள். “ஆடல அக்கா. மேளம் அடிக்கும்போது முன்னங்கால்ல குச்சியால அடிச்சிருக்காங்க. வாயில முள்ளு இழுக்கும், முன்னாடியும் போக முடியாது. எந்தக் கால்ல அடி விழும்னு தெரியாம ரெண்டையும் தூக்குறா.” அதற்கப்புறம் எனக்கு நான் பார்த்த கல்யாண ஊர்வலம் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. எத்தனை தடவை நானும் கைதட்டியிருக்கிறேன்.

மூன்று மாதம் தினமும் காலையில் பத்து நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமை, மேளச் சத்தம் பத்தடி தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்க, நான்கு காலும் தரையில் ஊன்றி சீனி அசையாமல் நின்றாள். வாயை மென்றாள். நான் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “மேளத்துக்குக்கூட பயப்படாம நிக்கிறா இப்போ.” பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “அட, அப்படியா” என்றார். எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து அன்றைக்கு இன்னொரு காபி போட்டுக்கொடுத்தேன்.

வீடியோவைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். இரும்புலியூரில் லாரிகளுக்கு நடுவே நின்றபோது என் மேலேயும் கோபம் வந்தது. அந்த முள் கடிவாளத்தை எட்டு மாதமாக ஆணியிலேயே தொங்கவிட்டிருந்தது நான்தான். யார் பொருளோ, நமக்கெதற்கு என்று விட்டேன். எடுத்து ஆற்றில் வீசியிருக்க வேண்டும்.

குடோன் காவலாளி குணாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார். “நான் இன்னாம்மா பண்றது. நேத்து சாய்ந்தரம் சார் மேளக்காரங்களோட வந்தாரு. கடிவாளத்த மாட்டுன்னாரு, மாட்டிட்டேன். அது வாய்ல ரத்தம் வந்துகினு கீதுன்னேன். சார் வீடியோ எடுத்துகினு இருந்தாரு, காதுல வுழல.”

சீனி மூலையில் இருந்தாள். தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு நான் இரண்டடி வைத்ததும் திரும்பிக்கொண்டு பின்பக்கத்தை எனக்குக் காட்டினாள். வந்த முதல் நாள் நின்ற அதே மாதிரி. கொள்ளு வாளி அப்படியே இருந்தது. வாயோரம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, அதில் ஈ உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னாள், டாக்டரை வரச்சொல்கிறேன் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். “நேத்து நடந்ததை நம்மளால சரி பண்ணிடலாம் அக்கா. சனிக்கிழமை வெடி, மேளம், மேல ஒரு ஆளுன்னு போயிட்டா முடியாது. அதுக்கப்புறம் அவ யாரையும் நம்ப மாட்டா. உங்களையும்.”

தலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சீனிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பின்னால் வைக்கோலில் ஒரு குளம்பு நகர்ந்தது. இன்னொன்று. மூச்சு என் கழுத்தில் படவில்லை, ஆனால் பக்கத்தில் கேட்டது. நான் திரும்பாமல் இருந்தேன்.

அப்போதுதான் இவர் வண்டி வந்து நின்றது. பின் சீட்டில் சரிகை போட்ட மெரூன் வெல்வெட் போர்வை மடித்துக் கட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதுதான் இவரிடம் கஷ்டம். கெட்ட மனுஷர் என்றால் எப்போதோ சண்டை போட்டிருப்பேன். என் காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று தெரியும், வெள்ளிக்கிழமை பூ மறக்காது.

“வீடியோ பாத்தியா? எப்படி ஆடுது பாரு. எல்லாம் உன் கைவண்ணம்” என்றார்.

“ஆடல.”

“என்ன நாயகி, நான் கண்ணால பாத்தேனே.”

“கிட்ட வந்து வாயப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். சீனி சட்டென்று பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. முகத்தில் சிரிப்பு குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. மருந்து போட்டால் இரண்டு நாளில் ஆறிவிடாதா என்றார். ஒரு மணி நேரம்தானே, குன்றத்தூரில் கோயில் தெருவிலிருந்து மண்டபம் வரைக்கும்தானே என்றார். இவ்வளவு சாதுவாகப் பழக்கி வைத்திருக்கிறாய், வேறு எதற்காம் என்றார்.

சாது என்றால் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று யார் இவருக்குச் சொன்னது. வாயில் வந்தது, விழுங்கினேன். வேறொன்று கேட்டேன். “சக்திகிட்ட கேட்டீங்களா? ஆறு வயசுல கோவளத்துல குதிரை மேல உக்கார வெச்சதும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதவன். இப்பவும் பக்கத்துல வர மாட்டான்.”

“அதெல்லாம் அக்கா சொன்னா உக்காருவான். அக்கா ஆசப்பட்டுக் கேட்டாங்க நாயகி. அவங்ககிட்ட நான் எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்?”

அம்மா இறந்தபோது இவருக்குப் பதினொரு வயது. அக்காதான் ஊட்டி வளர்த்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அண்ணி வீட்டு நவராத்திரிக்குப் பத்து நாள் போய் வேலை செய்தபோதும், எங்கள் மகளின் பிறந்தநாளன்று அண்ணி வீட்டு கிரகப்பிரவேசத்தில் பாத்திரம் கழுவியபோதும். ஒவ்வொரு தடவையும் இவர் அங்கே சரி என்று சொல்லிவிட்டு இங்கே வந்து என் முகத்தைப் பார்ப்பார். முடியாத ஒன்று எப்போதாவது வந்தால் போனை என்னிடம் நீட்டிவிடுவார். உடம்பு சரியில்லை, தண்ணி வரவில்லை, ஆள் வரவில்லை என்று நான் ஏதாவது பொய் சொல்வேன். குரூப்பில் யார் ராங்கிக்காரி என்று பேர் வாங்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போன் அடித்தது. திரையில் அக்கா என்று வந்தது. அவர் அதைப் பார்த்தார், சீனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பச்சைப் பொத்தானை அமுக்கி, “இருங்கக்கா, ஒரு நிமிஷம்” என்றார். பிறகு வழக்கம்போல கையால் போனை மூடிக்கொண்டு என் பக்கம் நீட்டினார்.

“நீயே ஏதாவது சொல்லிச் சமாளியேன்.”

நான் கையை நீட்டவில்லை. என் தோளில் கயிறு இருந்தது. பின்னால் சீனி மூச்சு விடுவது கேட்டது. எழுந்து, கால் இரண்டையும் ஊன்றி, கிறிஸ்டி சொன்ன மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

“ஏங்க, நீங்களே சொல்லுங்க. சீனி வர மாட்டான்னு உங்க அக்காகிட்ட நீங்க உங்க வாயால சொல்லுங்க. அவளுக்கு உடம்பு சரியில்ல, கால் சரியில்லன்னு சொல்லாதீங்க. நாயகியக் கேட்டேன், அவ வேண்டாம்னு சொல்லிட்டா, அதனால முடியாதுன்னு சொல்லுங்க. இருபத்தாறு வருஷமா உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேக்கறேன்.”