மை ஒட்டாத சீட்டு

“மாத்திரையும் அதே மாத்திரை, எழுதுன டாக்டரம்மாவும் அதே ஆளு, திங்கிறவனும் நான்தான். பொறவு நேத்து வரைக்கும் சரியா இருந்தது இன்னைக்கு எப்படித் தாயி தப்பாகும்?”

கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு வரப்பில் நின்றுகொண்டு ஜெயபாண்டி என்னைக் கேட்டார். கையில் மண்வெட்டி இருந்தது. காலடியில் வாய்க்கால் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். உதிர்ந்த தென்னம்பூ ஒன்று மிதந்து வந்து அவர் கணுக்காலில் முட்டியது. செத்த நேரம் அங்கேயே நின்று, பிறகு ஒதுங்கித் தன் வழியில் போனது.

அவருக்கு வயது அறுபத்தொன்பது. பட்டாளத்தில் இருந்தவர். அவர் முகம் ஊறவைத்த அரிசியைப் போல வெளுத்திருந்தது. அதற்காகத்தான் நான் ராஜபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன்.

ராஜபாளையத்தில் டாக்டர் ஞானபாக்கியத்தின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது என் வேலை. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிய வருஷம் அங்கே போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தைத் திறந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வாசல் ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு டோக்கன் டப்பா. டப்பாவுக்கு அடியில் என் நோட்டு. காத்திருக்கிற ஆட்கள் கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிடுவார்கள். மறந்தபின் பேசுவார்கள். மருமகளைப் பற்றி, கிணற்றில் தண்ணீர் வற்றியதைப் பற்றி, டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற வலிகளைப் பற்றி. மின்விசிறிச் சத்தத்தில் அந்தக் குரல்கள் கலந்து வரும்போது எனக்குக் கண் சொக்கும். சொக்கிக்கொண்டே எழுதுவேன். எழுதியதை யாருக்கும் காட்டியதில்லை.

புதன்கிழமை சாயந்தரம் கிளினிக் கிடையாது. அன்றைக்கு டாக்டரம்மா படிப்பார். மாதாமாதம் தபாலில் வருகிற மருத்துவ இதழ்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் இடுப்பளவு சேர்ந்து கிடந்தன. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “அடியில இருந்து எடு, ஹஃப்ஸா” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் நான் உறையைப் பிரித்துக் கொடுப்பேன், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கோடு வைத்துப் படிப்பார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பேன். மேகம் இறங்கி வந்து மலையின் மேல்பாதியை எடுத்துக்கொண்டு போய்விடும். என் அம்மா சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறாள். அங்கே வெளுத்த துணியைப் பொட்டல் காட்டில் நீள நீளமாக வெயிலில் காயப்போட்டிருப்பார்கள். டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பத் திருப்ப, அந்த வெள்ளைத் துணிகள் காட்டிலிருந்து புரண்டு வந்து இந்த அறைக்குள் நுழைவது போலவும், அதில் பொடிப்பொடியாக எழுத்து ஓடுவது போலவும் எனக்குத் தோன்றும்.

அப்படி ஒரு புதன்கிழமை அவர் படிப்பதை நிறுத்தினார். கிளினிக்குக்கு முன்னால் மருந்துக்கடை வைத்திருக்கிற ஜெபினைக் கூப்பிட்டார்.

“ஜெபின், சின்ன ஆஸ்பிரின் உங்க கடையில நல்லாப் போகுதா?”

“அதுபாட்டுக்கு ஓடும் மேடம். ஐம்பது தாண்டுன ஆளு யாரு வந்தாலும் ஒரு காலத்துல நீங்க எழுதுவீங்கல்ல. ரத்தம் கட்டாம இருக்கும், மாரடைப்பு வராதுன்னு.”

“எழுதினேன். எல்லாரும் எழுதினோம்.” அவர் இதழைக் கவிழ்த்து வைத்தார். “இருதயத்துல ஒண்ணும் இல்லாத வயசானவங்களுக்கு அதால நல்லதவிடக் கெடுதல் கூடன்னு வந்திருக்கு. வயித்துக்குள்ள ரத்தம் கசியும். இது வந்தே ஆறு வருஷம் ஆச்சு. என் வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்திருக்கு.”

“சரி மேடம், இனிமே எழுதாட்டிப் போச்சு.”

“பழைய சீட்ட எல்லாம் இந்நேரம் தூக்கிப் போட்டிருப்பாங்க, இல்ல?”

ஜெபின் சிரித்துவிட்டார். “உங்களுக்குத் தெரியாதா? லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க மேடம்.”

உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் போடுகிற பிளாஸ்டிக் உறையை டாக்டர் சீட்டுக்கும் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை எழுதிக் குணம் தெரிந்த மருந்து என்றால் அந்தச் சீட்டு ராசியானது. வருஷக்கணக்கில் அதைக் காட்டித்தான் மாத்திரை வாங்குவார்கள். அண்ணன் சீட்டில் தம்பி வாங்குவான். டாக்டரம்மா திட்டுவார் என்று அவரிடம் மட்டும் காட்டமாட்டார்கள். எனக்கு அந்தச் சீட்டுகளைப் பார்க்கப் பிடிக்கும். வெயிலில் யாராவது படியேறி வரும்போது சட்டைப் பைக்குள் ஒரு துண்டு வெளிச்சம் அசையும்.

“யார் யார்கிட்ட இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்மகிட்ட ஒரு குறிப்பும் கிடையாதே” என்றார் டாக்டரம்மா. பிறகு தனக்குத் தானே பேசுவது போல, “கசிஞ்சா மலம் கருப்பாப் போகும். அதை யாரு வந்து வாய்விட்டுச் சொல்லுவா?” என்றார்.

மலை, ஜன்னல், மேஜை எல்லாம் தள்ளிப் போய்விட்டன. எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

‘கூமாப்பட்டி ஜெயபாண்டி. சின்ன மாத்திரைச் சீட்டு சட்டைப் பையில். இருதயக் கோளாறு எதுவும் வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். மனைவி நாச்சியாரின் மூட்டுவலிக்குத் துணையாக வந்தார். வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறதாம். அவர் டீ குடிக்கப் போனபோது நாச்சியார் பக்கத்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது: ரெண்டு மாசமா தார் மாதிரி கருப்பாப் போறாரு. டாக்டர்கிட்ட சொன்னா வெட்டிப்புடுவேங்கிறாரு.’

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். “என்னைக்கு எழுதின?”

“மூணு வாரம் இருக்கும்.”

“மூணு வாரம்” என்றார் அவர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜெபின் நோட்டை எட்டிப் பார்த்தார். “ஏட்டி, ஊமை மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே எழுதி வச்சிருக்கியே. என்னப் பத்தி எதுவும் இருக்கா?”

இருந்தது. நான் பக்கத்தைக் கையால் மூடினேன்.

அந்தச் சீட்டு உள்ளவர்கள் என்று நோட்டில் பதினான்கு பேர் தேறினார்கள். பதின்மூன்று பேருக்கு ஜெபின் போன் போட்டார். ஜெயபாண்டியின் போன் மட்டும் போகவில்லை. “காலையில முதல் பஸ்ஸுக்கு நீயே போ” என்றார் டாக்டரம்மா. “அவருக்கு உன்னைத் தெரியும். கையோட கூட்டிட்டு வா. வரமாட்டேன்னா சீட்டுல தேதி போட்டு, ‘டாக்டரைப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம்’னு எழுதிட்டு வா. மத்தவங்ககிட்ட வாய விட்டு எதையும் நிறுத்தச் சொல்லிடாத. ஸ்டென்ட் வச்சவங்க, மாரடைப்பு வந்தவங்க நிறுத்தினா அதுவே ஆபத்து. ஒவ்வொருத்தரையும் நான் பாக்கணும்.”

நான் அதுவரைக்கும் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அடுத்த பஸ் ஏறியபோது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பஸ் திரும்பத் திரும்ப வார்த்தைகள் இடம் மாறின. கோபுரம் ஒரு ஜன்னலில் இருந்து அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்து, பிறகு எந்த ஜன்னலிலும் இல்லாமல் போனது. பஸ்ஸில் ஏறியவர்களின் சட்டைப் பைகளில் எல்லாம் ஏதோ மின்னுவது போல இருந்தது.

தோப்பில் அவர் அப்படிக் கேட்டு, வரமாட்டேன் என்றதும், நான் டாக்டரம்மா சொல்லி அனுப்பிய இரண்டாவது வேலையைச் செய்தேன். “சீட்டக் கொடுங்க மாமா. ஒரு வரி எழுதணும்.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பத்தொன்பது வருஷத்துச் சீட்டு. ஓரமெல்லாம் வியர்வை இறங்கிப் பழுப்பு ஏறியிருந்தது. நடுவில் டாக்டரம்மாவின் கையெழுத்து மட்டும் அன்றைக்குப் போட்டது போல நீலமாக இருந்தது. நான் பேனாவை வைத்து அழுத்தினேன். மை முத்து முத்தாகத் திரண்டு பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜெயபாண்டி அதைக் கட்டைவிரலால் துடைத்தார். தேதி போய்விட்டது.

“பாத்தியா, ஒட்டமாட்டேங்குது” என்று சிரித்தார். “அன்னைக்கு அவிய சொன்னத நம்பித்தான் இத்தனை வருஷம் தின்னேன். இப்ப வேண்டாம்னா எத நம்புறது? நாளைக்குச் சோறு திங்கிறதும் தப்புன்னு ஆள் அனுப்புவாவ.”

நாச்சியார் வீட்டுப் பக்கமிருந்து செம்பில் மோர் கொண்டுவந்தாள். “பாப்பா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு. நின்ன வாக்குல பேசுதீக.”

அவள் முகத்தைப் பார்த்ததும் இனிமேல் ஒரே ஒரு வழிதான் மிச்சம் என்று தெரிந்தது. அதைச் சொன்னால் அவள் தலைகுனிவாள். சொல்லாவிட்டால் இந்த மனிதர் வரப்பிலேயே ஒருநாள் சரிந்துவிடுவார். மூன்று வாரமாக நோட்டுக்குள் வைத்திருந்ததை வாயால் சொன்னேன்.

“உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கும் மேலாக் கருப்பாப் போகுது. அது ரத்தம்.”

மண்வெட்டியை ஊன்றினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். நாச்சியார் தலைகுனிந்து செம்பை வரப்பில் வைத்தாள்.

“ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியாட்டி?” என்று அவளைக் கேட்டார்.

“அவுங்க மேல தப்பில்ல. பேசுனது என் காதுல விழுந்தது. எழுதி வச்சேன். அன்னைக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல.”

“எழுதி வச்சியா?” ஜெயபாண்டி என்னிடமிருந்து சீட்டை வாங்கிப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். “கையெழுத்து அவியளுது. அட்டை என்னுது. நீ போ தாயி. பஸ் வருத நேரம்.”

மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை வரவில்லை. கண் மட்டும் மூடிக்கொண்டது. வெள்ளைத் துணி விரித்த காட்டில் அவர் தனியாக நடந்து போவது போலவும், அவர் கால் வைத்த இடமெல்லாம் கருப்பாக ஊறுவது போலவும் தெரிந்தது. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது ராஜபாளையம் வந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் முதல் டோக்கனுக்குக் கை நீண்டது. நாச்சியாரின் கை. பின்னால் அவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். “ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். ரத்தம் ஏத்தணும். வயித்துக்குள்ள டியூப் விட்டுப் பாப்பாங்க. மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “அதை எழுதினது நான்தான். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இப்ப அதைவிடக் கொஞ்சம் கூடத் தெரிஞ்சிருக்கு. அதுவும் தாமதமாத் தெரிஞ்சது.”

ஜெயபாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முயன்றார். “நாளைக்கு இன்னொண்ணு தெரிஞ்சுதுன்னா?”

“ஆள் அனுப்புவேன்.”

“இந்தப் பிள்ளையவா?”

“இந்தப் பிள்ளையத்தான்.”

அவர் வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமா, இல்லையா என்று அந்த வெளுத்த முகத்தில் படிக்க முடியவில்லை. ஆட்டோவில் ஏறும்போதும் சட்டைப் பையில் அந்த வெளிச்சம் அசைந்தது. சீட்டைக் கொடுக்கவில்லை.

வயிற்றில் புண் இருந்ததாம். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். ஜெபின்தான் விசாரித்து வந்து சொன்னார். நான் அதை நோட்டில் எழுதவில்லை. இப்போது நோட்டு டப்பாவுக்கு அடியில் இல்லை, மேஜை மேலேயே கிடக்கிறது. யாராவது கூச்சத்தோடு எதையாவது சொல்வது காதில் விழுந்தால் எழுந்துபோய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சாயந்தரம். தூறிக்கொண்டிருந்தது. மலை முழுசாக மேகத்துக்குள் போய்விட்டது. உள்ளே டாக்டரம்மா பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. அடுக்கில் பாதிதான் முடிந்திருந்தது. புதிதாக இரண்டு இதழ்கள் வேறு வந்து சேர்ந்திருந்தன. நான் அவற்றின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். சுவரைப் பிடிக்காத நடை. நிமிர்ந்து பார்த்தால் ஜெயபாண்டி. முகத்தில் மண்நிறம் திரும்பியிருந்தது. பொத்தானைக் கழற்றி, சீட்டை எடுத்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அரிவாள் நுனியால் கீறியிருந்தார். பிளாஸ்டிக்கையும் தாளையும் சேர்த்து அறுத்துக்கொண்டு, மாத்திரையின் பெயர் மேல் ஒரு கோடு. கையெழுத்தின் மேல் கீறல் படாமல் கோடு அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்க வேண்டும், உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது அவர் கீழ்ப்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரத்தெருவில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார்.