உடுவிலில் எவடம்?

பிரவீணன் எழுதிய நிரலில் பிழை இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நிற்காமல் எல்லோருக்கும் முன்னால் சொல்லியும் விட்டேன். அவன் வேலையில் எனக்கு மேலே இருப்பவன். போதாக்குறைக்கு என்னைக் கலியாணம் கட்டப்போகிறவன். ஆனாலும் பிழை பிழைதானே.

யாழ்ப்பாண நகரில் ஒரு மேல்மாடியில் இயங்கும் சின்னக் கம்பனி எங்களுடையது. வெளிநாட்டு வழக்கறிஞர்களின் ஆவணங்களைப் பாதுகாக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். ஒருவர் ஒரு கோப்பைக் கேட்டால், அது அவருக்கு அனுமதித்த ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பிரவீணனின் நிரல் கோப்பு இருக்கும் பாதையின் முன்பகுதியை மட்டும் பார்த்தது. அனுமதித்த பெயரில் தொடங்கினால் போதும், கதவைத் திறந்துவிடும். பாதையின் நடுவில் இரண்டு புள்ளிகளைப் போட்டால் ஒரு படி மேலே ஏறு என்று பொருள். அப்படி ஏறி எந்தக் கள்ளனும் பக்கத்து ஃபோல்டருக்குள் இறங்கலாம். போதாததற்கு சிம்லிங்க் என்று ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை இங்கே இருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பான். அதையும் அந்த நிரல் கவனிக்கவில்லை.

"பேரைப் பாத்து உள்ளுக்கை விடேலாது," என்றேன். "புள்ளியளைக் கழிச்சு, லிங்க் எங்கை போகுதோ அங்கை போய், ரூட்டிலையிருந்து, அடிவேரிலையிருந்து, முழுப் பாதையை எடுக்கோணும். பிறகுதான் விடுறதோ இல்லையோ எண்டு பாக்கிறது."

"ஓம், திருத்துவம்," என்றான் பிரவீணன். முகம் கறுத்துவிட்டது. கடைசியில் நானே இருந்து அந்தப் பகுதியை எழுதி முடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைச் சாவகச்சேரிக்குத் தன் தாயிடம் கூட்டிப்போனான். உதயகலா அன்ரி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் சம்மதித்தால்தான் கலியாணம். தாயைக் கேட்காமல் ஒரு சேட்டுக்கூட வாங்கமாட்டான் பிரவீணன். அது தெரிந்துதான் அவனை விரும்பினேன், யாரைக் குறை சொல்வது?

அன்ரி என்னைப் பக்கத்தில் இருத்தி, வடையும் தேத்தண்ணியும் தந்தார். படிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு தொடங்கினார்.

"பிள்ளை எவடம்?"

"உடுவில், அன்ரி."

வெளியாருக்கு இது சாதாரணக் கேள்வி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரிடமும் நேரே சாதியைக் கேட்பதில்லை. நாகரிகமான சனம் அல்லவா. ஊரைக் கேட்போம். ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்போம். அதுவும் போதாவிட்டால் எந்தக் கோயிலடி என்று கேட்போம். அதற்குள் தலைமுறை தலைமுறையாக நீங்கள் யார் என்பது எங்கள் கைக்கு வந்துவிடும்.

"உடுவிலிலை எவடம்?"

"பொம்பிளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை."

"அதிலை எனக்குக் கனபேரைத் தெரியும். சொந்த வீடோ?"

"இல்லை, வாடகைக்கு இருக்கிறம்."

"அப்ப அப்பா ஆக்கள் எவடம்?"

பிரவீணன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் வாழ்நாள் முழுவதும் அதற்குக் காவல் இருக்க வேண்டுமே என்று நினைத்தபோது எனக்கு அலுப்பாக இருந்தது.

"மயிலிட்டி, அன்ரி. தொண்ணூறிலை இடம்பெயர்ந்து வந்தவை. நான் பிறந்ததே உடுவிலிலைதான்."

"மயிலிட்டியிலை துறைமுகப் பக்கமோ?"

"ஓம். அப்பா கடற்றொழில்."

அவ்வளவுதான், ரூட் வரைக்கும் போய்விட்டார். நான் நாள்கணக்கில் மண்டையை உடைத்து எழுதியதை அவர் தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்து முடித்தார். நான் படித்த பள்ளிக்கூடம், எடுத்த பட்டம், வளர்ந்த உடுவில் ஒழுங்கை எல்லாம் கழிந்து போயின. நான் ஒருநாளும் படுத்தெழும்பாத ஒரு ஊர் மட்டும் மிஞ்சியது.

அவர் கோபம் காட்டியிருந்தால் நானும் திருப்பிக் கதைத்திருப்பேன். அவரோ முன்னையைவிட அன்பாக இன்னொரு வடையை என் தட்டில் வைத்தார்.

"நல்ல சனம், பிள்ளை," என்றார். "பிரச்சினையளுக்கு முதல் எங்கடை வீட்டுக்கு மீன் மயிலிட்டியிலையிருந்துதான் வாறது."

கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் எங்களை வழியனுப்பினார். திரும்பி வரும்போது நாவற்குழியில் பிரவீணன் மோட்டார்சைக்கிளை ஓரமாக நிறுத்தினான்.

"நீர் உடுவில் எண்டு சொன்னதோடை நிப்பாட்டியிருக்கலாம்," என்றான். "நான் அம்மாட்டை அப்பிடித்தான் சொல்லி வைச்சனான்."

"அப்ப அவ துருவுவா எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. உம்மடை அம்மாவின்ரை ஆக்கள் பூர்வீகமா உடுவில்தான் எண்டு ஒருக்கா அவவுக்குச் சொல்லும். கலியாணம் முடிஞ்சு கனடாவுக்குப் போனால் பிறகு ஆர் கேக்கப்போகினம்?"

"கனடாவிலையும் எங்கடை சனம்தானே இருக்குது."

அவன் மோட்டார்சைக்கிளைத் திரும்ப ஸ்டார்ட் செய்தான். என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிடச் சொன்னேன். இறக்கிவிட்டான். இவனுக்காகவா இரண்டு வருடம் என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

வீட்டில் அப்பா கடலுக்குப் போகாமல், தோய்த்து மினுக்கிய சேட்டோடு காத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் உடனே வரக்கூடும் என்று நினைத்தாரோ என்னவோ. கால் நூற்றாண்டுக்கு மேலாக உடுவிலில் ஒரு பரப்புக் காணி வாங்க மறுத்தவர் அவர். கேட்டால், எங்களுக்கு ஊர் இருக்கு என்பார். ஊரைப் பிடித்து வைத்திருந்த இராணுவம் காணியை விட்ட அன்று, வீடு இருந்த இடத்தில் பற்றைக்குள் நின்று வாய்விட்டு அழுதார். யாராவது எவடம் என்று கேட்டால், கேட்டு முடியுமுன்னரே மயிலிட்டி என்று சொல்லிவிடுவார்.

"என்ன பிள்ளை, என்ன சொல்லிச்சினம்?"

"ஊரைக் கேட்டவை, அப்பா."

அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதிரையில் இருந்தார்.

"நீ என்ன சொன்னனீ?"

"மயிலிட்டி எண்டு சொன்னனான்."

அவர் பெருமைப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அது ஒன்றுதான் எனக்கு அன்று மிச்சமாக இருந்தது.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உடுவில் எண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார்.